கோத்தகிரிக்கு வந்த ராமேஸ்வரம் எஞ்சின்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைப் பார்த்துக்கொள்கிறேன். விருந்தினர்களை எங்கள் ஏரியில் ஒரு சுற்று கூட்டிப்போவதற்காக, முதலாளி போன மார்கழியில் ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகும், தனியாக, படகின் பின்பலகையில் மாட்டும் ஒரு 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினும் வாங்கி லாரியில் கொண்டுவந்தார். கடலில் ஓட்டிக் காட்டியபோது ஒரு குறையும் தெரியவில்லை. இங்கே கியர் போட்டு மெதுவாகப் போகும்போது அடியிலிருந்து கடகடவென்று, தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவது போலச் சத்தம் வருகிறது. பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போனால் அடங்கிவிடுகிறது. திருப்பத்தில் சில சமயம் எஞ்சின் மட்டும் அலறுகிறது, படகு நகர்வதில்லை. புகையும் அதிகம். கீழேயிருந்து வந்த மெக்கானிக் கேஜ் வைத்து, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று கம்ப்ரஷன் பார்த்துவிட்டு, "ஒண்ணு 95, ஒண்ணு 92 காட்டுது. 120 இருக்கணும். ரிங் போச்சு, போரிங் பண்ணணும்" என்கிறார். 40,000 ரூபாய் ஆகுமாம். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் அந்தப் போரிங்குக்கு இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை, அவருடைய கேஜும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 120 பி.எஸ்.ஐ. கடல்மட்டத்துக் கணக்கு. அதை மலைமேல் வைத்துப் பார்த்ததில்தான் கோளாறு.

இதே தப்பை நானே செய்திருக்கிறேன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். தூத்துக்குடியில் தொழில் கற்றுக்கொண்டு, கல்யாணம் முடிந்து மாமனார் ஊரான ஊட்டிக்கு வந்த புதிது. ஒரு படகு எஞ்சினை என்னிடம் கொண்டுவந்தார்கள். கம்ப்ரஷன் 90. கடற்கரையில் அந்த மாதிரி எஞ்சின் 90 காட்டினால் சங்கு ஊதிவிடலாம். நானும் யோசிக்காமல் பிரித்துப் போட்டேன். சென்னைக்கு ஆள் அனுப்பி, பிஸ்டனைச் சுற்றிப் போடும் ரிங் வாங்கினேன். மூன்று வாரம் போனது. எல்லாம் மாட்டிக் கயிற்றை இழுத்தால் கேஜில் 91! படகுக்காரர் என் முகத்தைப் பார்க்கிறார், நான் கேஜைப் பார்க்கிறேன். பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த படுகர் பெரியவர் ஒருவர்தான் எட்டிப் பார்த்து, "இங்க காத்தே அவ்வளவுதாம்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். ரிங் வாங்கிய காசை நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வந்து சேர்வதற்குள் உப்பிப்போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டதுதான் காரணம். எஞ்சினுக்கும் அதே காற்றுதான். சிலிண்டருக்குள் நுழைவதே குறைவு என்றால், பிஸ்டன் எவ்வளவு அமுக்கினாலும் கேஜ் முள் கீழேதான் நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், கடற்கரையில் 120 காட்டும் நல்ல எஞ்சின் உங்கள் ஏரிக்கரையில் 95 முதல் 98 வரைதான் காட்டும். உங்களுடையது 95, 92. பழைய எஞ்சினுக்கு இது நல்ல மார்க். நான் இந்த எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்ப்பேன். பத்து சதவீதத்தைத் தாண்டினால் யோசிக்க ஆரம்பிப்பேன். உங்களுக்கு வித்தியாசம் மூன்று புள்ளிதான். கேஜ் வைத்தபோது இரண்டு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் கயிறு இழுத்தாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ரிங் போகவில்லை என்றால் கடகட சத்தம் எங்கிருந்து வருகிறது? உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. கியர் போட்டால் வருகிறது, மெதுவாகப் போனால் வருகிறது, வேகம் எடுத்தால் போய்விடுகிறது, கடலில் இல்லை, புகை அதிகம். படகுச் சத்தம் என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அது எப்போது வருகிறது என்பதுதான். எங்கே வருகிறது என்பதில் காது ஏமாந்துவிடும். ஃபைபர் படகு ஒரு பெரிய மத்தளம் மாதிரி. பின்னால் தட்டினால் முன்னால் கேட்கும்.

உங்கள் எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் ராமேஸ்வரத்துக் காற்றுக்கு அளந்து வைத்தது. இங்கே காற்று குறைந்துவிட்டது, பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. அதனால் கலவையில் பெட்ரோல் தூக்கலாகிவிடும். பிளக்கில் கரி பிடிக்கும், நனையும். மலையில் பழைய பஜாஜ் ஸ்கூட்டர் வைத்திருந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள். காலையில் வண்டியைச் சாய்த்து, உதைத்து, அப்புறம் பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே டூ ஸ்ட்ரோக், அதே நோய்.

இரண்டு சிலிண்டரில் ஒன்றின் பிளக் இப்படி நனைந்துவிட்டால், மெதுவாகப் போகும்போது அது ஒழுங்காகப் பற்றாது. ஒன்று இழுக்கும், ஒன்று சும்மா சுற்றும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு இழுக்க, இன்னொன்று நின்று நின்று வந்தால் நுகத்தடி எப்படி அடித்துக்கொள்ளும்? அப்படித்தான் கீழே கியர் பெட்டியிலும் நடக்கும். பற்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் வேண்டும். ஷாஃப்ட் சீராகச் சுற்றாமல் விட்டு விட்டு உந்தினால், அந்த இடைவெளிக்குள் பற்கள் முன்னும் பின்னும் மோதிக்கொள்ளும். அதுதான் உங்கள் தகர டப்பா. ஆக்சிலேட்டர் கொடுத்ததும் இரண்டு சிலிண்டரும் பற்றிக்கொள்கின்றன, பற்கள் ஒரே பக்கமாக அழுந்திவிடுகின்றன, சத்தம் அடங்குகிறது. பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எதுவானாலும் மெதுவேகத்தில் கொஞ்சம் கடகடக்கும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கரையில் நிற்பவருக்கே கேட்கிறது என்றால்தான் பார்க்க வேண்டும்.

கடிதத்தை வைத்து நான் நினைப்பது இது. ஆனாலும் கியர் பெட்டியே தேய்ந்து இப்படிச் சத்தம் வருவதும் உண்டு. அதனால் முதல் வேலை கியர் ஆயில். எஞ்சினை நேராக நிறுத்தி, கீழே உள்ள ஸ்க்ரூவைக் கழற்றி, அப்புறம் மேல் ஸ்க்ரூவையும் கழற்றினால் ஆயில் இறங்கிவிடும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். சீல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்புதான். அதையும் கழற்றிப் பாருங்கள். ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழவழப்பாக இருக்க வேண்டும். மினுமினுவென்று பொடி தெரிந்தால் அது சாதாரணத் தேய்மானமாக இருக்கலாம். நகத்தில் மாட்டும் அளவுக்குச் சில்லு இருந்தால் கியர் போய்க்கொண்டிருக்கிறது, அப்போது நான் மேலே சொன்னதெல்லாம் இரண்டாவது விஷயமாகிவிடும். புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாகவே ஏற்ற வேண்டும், மேல் ஓட்டையில் வழியும் வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொண்டு பாதிதான் இறங்கும். ஸ்க்ரூவுக்கு அடியில் உள்ள வாஷரை மறக்காமல் புதிதாகப் போடுங்கள். பத்து ரூபாய் வாஷரில் மிச்சம் பிடித்துக் கியர் பெட்டியை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆயில் நன்றாக இருந்தால் பிளக்குக்கு வாருங்கள். படகைக் கரையில் முன்னும் பின்னும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். புரொப்பெல்லர் பக்கம் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கியர் போட்டு, சத்தம் வருகிற அந்த மெதுவேகத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் அப்படியே நிறுத்துங்கள். உறுமவிட்டு நிறுத்தினால் பிளக் எரிந்து சுத்தமாகிவிடும், சாட்சி அழிந்துபோகும். இரண்டு பிளக்கையும் கழற்றி, எது மேல், எது கீழ் என்று குறித்து வையுங்கள். நன்றாக எரியும் பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்கும். ஒன்று கரியும் ஈரமுமாக இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. இரண்டு பிளக்கையும் துடைத்து, மேலே இருந்ததைக் கீழே, கீழே இருந்ததை மேலே மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். நனைகிற வியாதி பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால், குற்றவாளி பிளக். இரண்டையும் அதே எண்ணில் புதிதாகப் போட்டால் போதும். சிலிண்டரிலேயே நின்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில், கார்புரேட்டர், கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வு என்று பார்க்க வேண்டும். காயில்கள் ஒரே மாதிரி இருந்தால் அவற்றையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் துளி திரும்பத் தெறித்தால் ரீட் வால்வு இதழ் உடைந்திருக்கலாம். இரண்டு பிளக்குமே ஒரே மாதிரி கறுத்திருந்தால் பெரும்பாலும் மலைக் காற்றுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேல் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டும்போது, எஞ்சின் உச்சியில் உள்ள கனத்த சக்கரமான ஃப்ளைவீல் உங்கள் நெஞ்சுக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருக்கும். நம் ஊரில் எல்லார் கழுத்திலும் மப்ளர் இருக்கும், பெண்கள் தோளில் சால்வை இருக்கும். அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் குனிய வேண்டும். பிளக் வயரைக் கழற்றிவிட்டுக் கயிறு இழுப்பதாக இருந்தால், வயரின் முனை எஞ்சின் உடம்பைத் தொட்டபடி இருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் மின்சாரம் போக வழியில்லாமல், பொறிக்கான மின்சாரத்தை அனுப்பும் சி.டி.ஐ. யூனிட் கருகிவிடும். பழைய எஞ்சினுக்கு அதைத் தேடிப் பிடிப்பது பிஸ்டனைவிடக் கஷ்டம்.

கலவையைச் சரிசெய்வது மெக்கானிக் வேலை. ஆனால் என்ன செய்யச் சொல்வது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு சிறியதாகப் போடச் சொல்லுங்கள். மெதுவேகத்துக்கான மிக்சர் ஸ்க்ரூவை, இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, அரைக்கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பிக் காதால் கேட்டு வைக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். இதெல்லாம் முடிந்ததும் எஞ்சின் மேல் பெயிண்டால் பெரிதாக எழுதிவிடுங்கள்: "மலை ஜெட்". நாளைக்கு முதலாளி இதைத் திரும்ப ராமேஸ்வரத்துக்கே விற்றால், அங்கே கனத்த காற்றில் இந்தச் சின்ன ஜெட் போதாது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடாகி பிஸ்டன் உருகும். வாங்கியவர் உங்களைத்தான் சபிப்பார்.

புகை வருகிறதே என்று ஆயிலை மட்டும் குறைத்துவிடாதீர்கள். நிறையப் பேர் முதலில் கைவைப்பது அதில்தான். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். உங்கள் மாடலுக்கு என்ன அளவோ அதை அப்படியே ஊற்றுங்கள். பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் அது ஒன்றுதான் எண்ணெய்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். உங்கள் பங்களாவில் விருந்தினர் வருவது வாரக்கடைசியில் மட்டும் என்றால், பாதி காலியான டாங்க் கோத்தகிரி மூடுபனியில் கிடந்து தண்ணீர் சேர்த்துக்கொள்ளும். மெதுவேகத்தில் மிஸ் ஆவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள்.

திருப்பத்தில் அலறுவது வேறு கதை. அதற்கும் கடகடவுக்கும் சம்பந்தமில்லை என்றே நினைக்கிறேன். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். புரொப்பெல்லரின் நடுவே ஷாஃப்டைப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் புஷ். கல்லில் கட்டையில் மோதினால் கியர் உடையாமல் அது வழுக்க வேண்டும், அதற்காகத்தான் ரப்பர். வயதானால் மோதாமலே வழுக்க ஆரம்பிக்கும். கண்டுபிடிப்பது சுலபம். நடுக் குழாயிலிருந்து வெளி உடம்பு வரை பெயிண்டால் ஒரே நேர்கோடு போடுங்கள். காய்ந்ததும் அலறும் வரை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

கோடு விலகவில்லை என்றால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது. படகு ஒரு இடம், எஞ்சின் ஒரு இடம் என்று வாங்கியிருக்கிறீர்கள். அதனால் எனக்கு இதில்தான் சந்தேகம் அதிகம். அவுட்போர்டுகளில் குட்டைக் கால் 15 அங்குலம், நீளக் கால் 20 அங்குலம். நீளக் காலுக்கு வெட்டிய பின்பலகையில் குட்டைக் காலை மாட்டினால் புரொப்பெல்லர் மேலே நின்றுவிடும். படகு சாயும்போது மேல்காற்றைக் குடித்துவிட்டுச் சும்மா சுற்றும். புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும், பாருங்கள். அது படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஒரு அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் எஞ்சினை இறக்கி மாட்ட வழியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, புரொப்பெல்லரின் அளவு. இந்த உயரத்தில் எஞ்சின் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது. 40 என்று மேலே எழுதியிருந்தாலும் இழுப்பது 33-ஐ ஒட்டித்தான். கடலுக்கு வைத்த புரொப்பெல்லர் அதற்குப் பாரம். நாலு பேரை ஏற்றிக்கொண்டு முழு ஆக்சிலேட்டர் கொடுத்தும் முக்கிக்கொண்டே போனால், பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னே தள்ளும் தூரம், ஓரிரு அங்குலம் குறைந்ததை வாங்கிப் போடலாம். பிட்ச் ஒரு அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று கூடும். செலவழிப்பதாக இருந்தால் போரிங்கை விட்டுவிட்டு இதில் செலவழியுங்கள்.

கடலில் ஓடிய எஞ்சின் என்பதால் உள்ளே தண்ணீர்ப் பாதையில் உப்பு இறுகியிருக்கும். எஞ்சின் ஓடும்போது பின்னால் பீய்ச்சும் தண்ணீர் தாரை பென்சில் கனத்துக்கு, கையை வைத்தால் தள்ளும்படி வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் தண்ணீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லரை மாற்றுங்கள். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாததால், வந்தாலும் மாற்றுங்கள். உங்கள் ஏரியைச் சுற்றி சில்வர் ஓக் மரம் இருக்கத்தான் செய்யும். அதன் சருகு தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் தாள் ஒட்டியது போல ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் எஞ்சினைத் தூக்கும்போது ஒரு கை வைத்துத் துடைத்துவிடுங்கள்.

எந்தச் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரம் ஏற ஏற 'டொக் டொக்' என்று கனமாக, வேகத்தோடு சேர்ந்து அடித்தால் பேரிங். முழு வேகத்தில் கண்ணாடிக் கோலி தட்டுவது போலக் 'கிண்கிண்' என்றால் எஞ்சின் தட்டுகிறது, பெட்ரோல் போதவில்லை. மேலே மூடிக்கு அடியிலிருந்து உரசும் சத்தம் வந்தால் ஃப்ளைவீல் காந்தம் பெயர்ந்திருக்கும். இந்த மூன்றுக்கும் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர வேண்டும். அதனால் படகில் இரண்டு துடுப்பு எப்போதும் கிடக்கட்டும். திருப்பத்து அலறல் தீரும் வரை விருந்தினரை ஏற்ற வேண்டாம், முதலாளி என்ன சொன்னாலும்.

மெக்கானிக்கைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை வரும்போது அவருடைய கேஜோடு ஒரு சிப்ஸ் பாக்கெட்டையும் கீழேயிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். பிளக் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். கியர் ஆயில் கிண்ணத்தையும் ஒரு படம். புரொப்பெல்லரின் மேல் அச்சடித்திருக்கும் எண்களையும், பின்பலகையின் உயரம் எத்தனை அங்குலம் என்பதையும் எழுதி அனுப்புங்கள். பிட்ச் எவ்வளவு குறைக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.